மரத்தாள் ஒட்டிய அமெரிக்கக் கார்

"படம் கிடைத்தது. கார் வாசிகசாலைச் சுவர் அளவுக்கு நீளம் என்று எல்லாரும் சொல்லுகினம். இங்கே பெற்றோல் வாறதில்லை. அண்ணா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார், அது புகைத்துப் புகைத்துச் சந்தி மட்டும்தான் போகும். உங்கட கார் எவ்வளவு குடிக்கும் என்று அண்ணா கேட்கச் சொன்னவர். அவருக்கு என்ன பதில் எழுத?"

1987 மாசி மாதத் திகதியிட்ட ஒரு கடிதத்தின் நடுப்பகுதி இது. எழுதியவர் வடமராட்சியில் இருந்த ஒரு பெண். பெற்றவர் அவருடைய கணவர், டாவோஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். நாங்கள் அவரை அண்ணை என்போம்; கடிதத்தில் வரும் அண்ணா அவருடைய மனைவியின் தமையன். கடிதம் எனக்கு வந்ததல்ல. ஆனால் எங்கள் அறையில் ஊர்க் கடிதங்கள் பொதுச்சொத்து. வந்ததை வந்தவரே உரத்து வாசிப்பார். சொந்த விஷயம் வரும் இடத்தில் இருமிவிட்டு அந்த வரிகளைத் தாண்டிப் போவார். அன்று அண்ணை எங்கே இருமுவது என்று தெரியாமல் முழுவதையும் வாசித்துவிட்டார். பழக்கத்தின்படி நான் அந்த வரிகளைத் திகதியோடு எழுதி வைத்துக்கொண்டேன்.

படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வருடங்களில் சுவிஸுக்கு வந்த எங்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரு காரின் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். கார் யாருடையது என்பது முக்கியமில்லை. டாவோஸில் ஒரு பல்வைத்தியர் தன் வெள்ளைக் காரை எப்போதும் வெயில் விழும் பக்கமாக நிறுத்துவார். யாழ்ப்பாணத்தில் அந்தக் கார் பல குடும்பங்களுக்குச் சொந்தமாக இருந்தது. அண்ணையின் படம் மட்டும் பாதி உண்மை. அந்தக் காரை அவர்தான் ஓட்டினார்.

கார் எங்கள் ஹோட்டலுடையது. முதலாளியம்மாவின் தகப்பன் இளவயதில் அமெரிக்காவில் சமையல் பழகியவர். அங்கே பிடித்த ஆசை விடாமல், வசதி வந்த காலத்தில் ஒரு காரைக் கப்பலில் வரவழைத்தார். எட்டு சிலிண்டர். மூன்று வரிசை இருக்கை. கடைசி வரிசை பின்னோக்கிப் பார்க்கும். இரண்டு பக்கமும் மரப்பலகை அடித்த தோற்றம், கிட்டப்போய்த் தொட்டால்தான் ஒட்டுத்தாள் என்று தெரியும். விருந்தினர்களைப் புகையிரத நிலையத்திலிருந்து ஏற்றி வருவதற்கு அதைத்தான் வைத்திருந்தார்கள். சில கிழவர்கள் அதில் ஏறுவதற்காகவே வருடாவருடம் எங்கள் ஹோட்டலுக்கு வந்தார்கள்.

அண்ணை ஊரில் லொறிச் சாரதி. வெங்காயமும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏற்றிப்போய், கோவா, கரட் என்று மரக்கறி கொண்டு இறங்குவார். டாவோஸுக்கு வந்து முதல் இரண்டு பருவமும் என்னைப்போல நிலவறையில் கோப்பை கழுவினார். நீராவியில் மூக்கு நுனி எப்போதும் ஈரமாக இருக்கும். வெளியே பனி பெய்கிறதா வெயிலா என்பது மேலிருந்து வருபவரின் சப்பாத்தைப் பார்த்துத்தான் தெரியும். பழைய சாரதி ஓய்வு பெற்றபோது முதலாளியம்மா அண்ணையை மேலே எடுத்தார். அதற்கு வேண்டிய சோதனையில் அவர் இரண்டாம் முறை தேறினார். எங்கள் ஆட்களில் நிலவறையிலிருந்து முன்வாசலுக்குப் போன முதல் ஆள் அவர். அவருக்குக் கறுப்புக் கோட்டும் தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பி கொஞ்சம் பெரிது. உள்ளே பத்திரிகைத் தாள் மடித்து வைத்திருந்தார். எனக்கு ஆங்கிலமும் ஓரளவு ஜெர்மனும் வரும் என்பதால் சனி ஞாயிறுகளில் பெட்டி தூக்கவும் மொழிபெயர்க்கவும் நானும் அவரோடு போவேன்.

அந்த மாரியில் முதலாளியம்மா காரை மாற்றுவது பற்றிப் பேசத் தொடங்கினார். அது மலை ஏறும்போது பெற்றோலைக் குடித்தது. பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் கார் என்பதால் பனிக்குச் சங்கிலி கட்டவேண்டும். கன்டோன் என்ற மாநில அரசின் வரியும் இயந்திரத்தின் பருமனைப் பார்த்துத்தான். பள்ளத்தாக்கில் இருந்த ஒரு கராஜ் ஜப்பான் வான் ஒன்றைப் பரீட்சைக்குத் தந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும், சங்கிலி வேண்டாம், ஏழு பேர் இருக்கலாம், இயந்திரமோ கைப்பெட்டி அளவு. பங்குனி முடிவில் இரண்டினதும் பெற்றோல் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து முடிவு செய்வதாக முதலாளியம்மா சொன்னார். வானின் திறப்பை அண்ணையிடம் நீட்டி, ஓட்டிப் பாருங்கள் என்றார்.

"நாரி நோகுது எண்டு சொல்லு," என்றார் அண்ணை என்னிடம்.

"நாரிக்கும் இதுக்கும் என்ன?"

"நான் ஓட்டினால் அது நல்லா ஓடும். பிறகு அதைத்தான் வாங்குவா. சொல்லு நீ."

சொன்னேன். இடுப்பு வலிக்காரரை வற்புறுத்தாமல் முதலாளியம்மா வானைத் தானே ஓட்டிப் பார்த்தார்.

அண்ணையின் கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதைப் பிழை என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. கார் போனால் அவர் மறுபடி கீழே போவார். கார் இருந்தால் மேலே இருப்பார். அந்தக் காரால்தான் அவர் சாரதி. அவரால்தான் மற்றவர்களுக்கும் ஒருநாள் படியேறும் வாய்ப்பு வரும் என்று பேசிக்கொண்டோம்.

எனக்கு அப்போது வாசிக்க நிறையக் கிடைத்தது. விருந்தினர்கள் விட்டுப்போகும் ஆங்கிலப் பத்திரிகைகளை அறை துப்புரவு செய்யும் போர்த்துக்கேயப் பெண் எனக்காக எடுத்து வைப்பார். அமெரிக்கக் கார்க் கம்பனிகள் ஜப்பான்காரரிடம் சந்தையை இழக்கும் கதை அவற்றில் ஓயாமல் வந்தது. நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். அமெரிக்காவில் பெற்றோல் நெடுங்காலம் மலிவு, வீதி அகலம், ஊருக்கு ஊர் தூரம். பெரிய காரை விற்றால் வரும் லாபம் சிறிய காரில் வராது. ஆகவே சிறியதைச் செய்வதில் அவர்களுடைய கெட்டிக்காரர்களுக்கு மனம் போகவில்லை. எழுபதுகளில் எண்ணெய் விலை இரண்டு தடவை ஏறியபோது சனம் சிறிய கார் தேடியது. ஜப்பான்காரரிடம் அது ஏற்கெனவே இருந்தது. அவர்கள் ஊரில் பெற்றோல் எப்போதும் விலை கூட, தெரு ஒடுக்கம். அவர்கள் அப்படித்தான் செய்து பழகியிருந்தார்கள். அமெரிக்கர் அவசரத்தில் செய்த சிறிய கார்கள் செய்தவர்களுக்கே பிடிக்காதவை போலிருந்தன. பிறகு எண்ணெய் விலை விழுந்தது. விழுந்ததும் பலர் நிம்மதியாகப் பெரிய காருக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அறையில் சொன்னேன்.

"அப்ப என்ரை கார் தோத்துப்போச்சு எண்டோ சொல்லுறாய்?" என்றார் அண்ணை.

"உங்கடை கார் இல்லை அண்ணை. அமெரிக்கா."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அறையில் மூன்றாவதாக இருந்தவர் நீர்வேலிக்காரர், வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார். "அண்ணை, ஊரிலை மச்சான் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்குத் திரியிறார். நீங்கள் இஞ்சை கப்பல் ஓட்டுறியள். பதில் எழுதியாச்சோ?"

அண்ணை சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தார். அது ஏற்கெனவே வடித்தாகிவிட்டது. பதில் அவர் எழுதவில்லை.

அந்தக் கிழமையிலிருந்து காரின் பெற்றோல் செலவு குறையத் தொடங்கியது. முதலாளியம்மா பற்றுச்சீட்டுகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். குளிர் குறைந்ததால் இருக்கலாம் என்று நானே அவருக்கு விளக்கம் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன்.

பங்குனி நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, ஊருக்குத் திரும்பும் ஒரு அமெரிக்க விருந்தினரை லண்ட்குவார்ட் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மலைக்காற்றுக்காக வந்த கிழவர். பெட்டிகள் அதிகம், இடையில் ரயில் மாறக் கஷ்டம் என்பதால் கீழே வரைக்கும் காரில் விடச் சொல்லியிருந்தார். டாவோஸிலிருந்து வொல்ஃப்காங் மேடு வரை சிறிய ஏற்றம். அதன் பிறகு குளோஸ்டர்ஸ் வரை வளைந்து வளைந்து இறக்கம். மேட்டைத் தாண்டியதும் காருக்குள் திடீரென்று காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

கிழவர் பின்னாலிருந்து, இயந்திரம் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கேட்டார்.

"அண்ணை, ஏன் சத்தம் இல்லை எண்டு கேக்கிறார்."

"நல்ல கார் எண்டால் சத்தம் வராது எண்டு சொல்லு."

"எஞ்சினை நிப்பாட்டிப்போட்டியளோ?"

"சொல்லுறதைச் சொல்லு தம்பி. றம்பொடை இறக்கத்திலை லொறி நிறையக் கோவாவோடை இப்பிடி இறக்கினவன் நான். கீழை கோப்பிக் கடை வரைக்கும் ஒரு சொட்டு டீசல் இல்லை."

நல்ல கார் என்றால் சத்தம் வராதாம் என்று கிழவருக்குச் சொன்னேன். அவர் முன்னால் குனிந்து காது கொடுத்தார். பிறகு, "நான் என் வேலைக்காலம் முழுவதும் இந்தக் கார்களோடுதான் இருந்தேன். எங்கள் ஊரில் இவை சத்தம் போடும்," என்றார்.

மலைநாட்டுச் சாரதிகள் எல்லோரும் செய்தது அது. இறக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தி, கியரைக் கழற்றி, லொறியை அதன் பாரத்தில் ஓடவிடுவார்கள். ஆபத்துத்தான். ஆனால் அந்த லொறிகளின் சுக்கானும் பிரேக்கும் ஆளின் கைகால் பலத்தில் வேலை செய்தவை. அமெரிக்கக் காரின் சுக்கானும் பிரேக்கும் இயந்திரத்திடம் பலம் வாங்குபவை. இயந்திரம் நின்ற பின் பிரேக் இரண்டு மூன்று தடவை பழையபடி பிடிக்கும், அதன் பிறகு கல்லை மிதிப்பது போலிருக்கும். முந்திய நாட்களில் வெறும் காரோடு, யாரும் எதிரே வராதபோது, அந்த இரண்டு மூன்று தடவைக்குள் அவர் காரியத்தை முடித்திருக்கவேண்டும்.

அன்று வளைவில் பனி தள்ளும் லொறி ஒன்று எதிரே ஏறி வந்தது. அதன் முன்னாலிருந்த தகடு வீதியின் பாதிக்கு மேல் எடுத்திருந்தது. அண்ணை இருக்கையிலிருந்து எழுந்து நின்று பிரேக்கை மிதித்தார், இரண்டு கையாலும் சுக்கானை இழுத்தார். தொப்பி என் மடியில் விழுந்தது. கார் வலப்பக்கப் பனிச்சுவரில் உரசி, உரசி, நின்றது.

ஒருவருக்கும் காயமில்லை. இறங்கிப் பார்த்தபோது பனிக்குள்ளிருந்த எல்லைக்கம்பு ஒன்று காரின் பக்கத்தைக் கீறியிருந்தது. மரத்தாள் கதவின் நீளத்துக்கு உரிந்து வாழைச்சருகு போலத் தொங்கியது. கீழே சாதாரணமான நீல வர்ணத் தகரம்.

பனி லொறியின் சாரதி இறங்கி வந்தார். எல்லோரும் நலமா என்று கேட்டார், எட்டி உள்ளே பார்த்தார். அண்ணை அவர் முன்னிலையில்தான் திறப்பைத் திருப்பி இயந்திரத்தைக் கிளப்பவேண்டியிருந்தது. அந்த மனிதர் அண்ணையின் முகத்தைப் பார்த்தார், திறப்பைப் பார்த்தார், தன் லொறிக்குப் போனார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே மடித்திருந்த பத்திரிகைத் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவர்கள் பார்க்காதபடி உள்ளே தள்ளினேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிய வெட்கமாகப் பட்டது.

கிழவர் ஊன்றுகோலோடு இறங்கி வந்து, தொங்கிய தாளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். தான் ஒரு கார்க் கம்பனியில் உருவமைப்புப் பகுதியில் இருந்ததாகச் சொன்னார். "இந்த ஒட்டுத்தாள் எந்த மரத்தின் நிறத்தில் இருக்கவேண்டும் என்று நாங்கள் ஒரு கோடை முழுவதும் சண்டை பிடித்தோம்."

"என்னவாம்?" என்றார் அண்ணை. சொன்னேன்.

"கோடை முழுக்க இதுக்கோ?"

பெற்றோலைப் பற்றி யாரும் கேட்கவில்லையா என்று நான் கிழவரைக் கேட்டேன்.

"கேட்டார்கள். பாரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். உபரிச் சக்கரத்தைச் சிறிதாக்கினோம்." தாளை விரலிலிருந்து விட்டுவிட்டு, "காரை மட்டும் தொடவில்லை. அதைத் தொட்டிருந்தால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை என்ன என்று எங்களுக்கே தெரிந்திருக்காது," என்றார். பிறகு அண்ணையைக் காட்டி, "இவர் எதற்காக நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும்," என்றார்.

அந்தக் கடைசி வசனத்தை நான் அண்ணைக்கு மொழிபெயர்க்கவில்லை. லண்ட்குவார்ட்டில் கிழவர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ரயில் வர இன்னும் நேரமிருந்தது. அவர் மேடையின் வாங்குப் பலகையில் உட்காருவதை நான் பார்த்தேன்.

திரும்பும் வழி முழுவதும் இயந்திரம் ஓடியது. "பனியிலை சறுக்கினது எண்டு சொல்லுவம்," என்றார் அண்ணை. நான் ஓம் என்றேனா, பேசாமல் இருந்தேனா என்பது என் குறிப்பில் இல்லை.

முதலாளியம்மா வாசலிலேயே நின்றார். எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாக ஜெர்மனில் சொன்னார்: "இறக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா என்று அவரிடம் கேளுங்கள்."

அதை நான் தமிழில் கேட்டேன். அண்ணை சுவரில் மாட்டியிருந்த முதலாளியம்மாவின் தகப்பனின் படத்தைப் பார்த்தார். அதிலும் அந்தக் கார் இருந்தது. தகப்பன் அதன் பக்கத்தில், எங்களைப் போலவே, இயந்திர மூடியில் கையூன்றி நின்றார்.

"இல்லை எண்டு சொல்லு," என்றார் அண்ணை. நான் வாயெடுக்க முன்னம், "ஓடேல்லை எண்டு சொல்லு. நிப்பாட்டினனான் எண்டு சொல்லு," என்றார்.

சொன்னேன். ஏன் என்று முதலாளியம்மா கேட்டார். காரை நீங்கள் வைத்திருக்கவேண்டும் என்பதற்காக என்று அண்ணை சொல்லச் சொன்னார். முதலாளியம்மா தலையைக் குனிந்து மேசையைப் பார்த்தார். அவருடைய கோபத்தை நான் எதிர்பார்த்திருந்தேன். அது வரவில்லை.

"அந்த வானுக்கு நான் ஏற்கெனவே ஓர்டர் கொடுத்துவிட்டேன்," என்றார். "பற்றுச்சீட்டுகள் குறைந்தது அதை மாற்றியிருக்காது. அதை ஓட்ட இவரைத்தான் நினைத்திருந்தேன். வேறு யாரை நினைப்பேன்? திறப்பைக் கொடுத்தேனே." பிறகு, "ஆனால் விருந்தினரை வைத்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்திய ஒருவரிடம் இனி நான் விருந்தினரைக் கொடுக்க முடியாது. இதை அவருக்கு முழுவதுமாகச் சொல்லுங்கள்."

முழுவதுமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மொழிபெயர்த்தவற்றில் மிகச் சரியானது அது. ஒரு சொல்லும் விடுபடவில்லை. பரீட்சைக்கு வந்த வான் கராஜுக்குத் திரும்பும் முன் ஒருநாள் அவர் அதைச் சுற்றி நடந்து, சக்கரத்தைக் காலால் தட்டி, "தையல் மெசின்" என்று சொல்லிவிட்டு வந்ததை நான் பார்த்திருந்தேன். அது அவருக்காகத்தான் நின்றது என்பதை என் வாயால்தான் அவர் கேட்டார். அண்ணை கோட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தார். தொப்பியை நான் இன்னும் வைத்திருந்தேன். அதையும் வைத்தேன்.

திங்கட்கிழமை அவர் நிலவறையில் என் பக்கத்துத் தொட்டியில் நின்றார்.  எங்களுக்குள் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை; ஆனால் முன்வாசலில் அடுத்து யாரைப் போடலாம் என்ற பேச்சு அதோடு எங்கள் அறையில் நின்றுபோனது. ஹோட்டலிலும் அந்தப் பேச்சு எழவில்லை. சித்திரையில் புதிய வான் வந்தது. அதை ஓட்ட குளோஸ்டர்ஸ்காரர் ஒருவரை எடுத்தார்கள். நான் பெட்டி தூக்க அதில் ஏறினேன். கதவு இலகுவாகச் சாத்தியது, சூடு உடனே வந்தது, ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை. எனக்கு அது பிடித்துப்போனது. வொல்ஃப்காங் மேட்டைத் தாண்டும்போது இயந்திரம் சின்னதாக இரைந்துகொண்டே இருந்ததைக் கேட்டு என் காது சுட்டது. அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் திரும்பி வரும்போது அண்ணை, "எப்பிடி, நல்லா ஓடுதோ?" என்று கேட்பார். பரவாயில்லை என்பேன். "பரவாயில்லை எண்டால் நல்லது எண்டுதானே," என்பார்.

அமெரிக்கக் காரை யாரோ வாங்கிப்போக வந்த அன்று, வேலை முடிந்து வெளியே வந்த அண்ணை அதன் பக்கத்தில் நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னார். தாள் உரியாத பக்கமாக நின்றார். அந்தப் படத்தோடு அனுப்பிய கடிதத்தை வழக்கத்துக்கு மாறாக அறையில் வாசித்துக் காட்டினார். மாசி மாதக் கேள்விக்கான பதில் அதில் இருந்தது: "அண்ணாவிடம் சொல்லவும், இப்போது எங்கட கார் ஒரு துளியும் குடிப்பதில்லை." நீர்வேலிக்காரர் சிரித்தார். பிறகு சிரித்ததற்காக வெளியே போய் நின்றார்.

ஒன்று மிச்சமிருக்கிறது. நாங்கள் திரும்பி வருமுன் முதலாளியம்மாவுக்கு யார் சொன்னார்? அமெரிக்கக் கிழவர் நிலையத்திலிருந்து தொலைபேசியில் சொல்லியிருப்பார் என்று அண்ணை நம்பினார். கை குலுக்கியதை நினைத்து நினைத்து அதைத்தான் மன்னிக்க முடியவில்லை என்பார். பனி லொறிக்காரர் எங்களுக்கு முன்னமே டாவோஸுக்கு ஏறிப் போனவர், ஊர்க்காரர், ஹோட்டலைத் தெரிந்தவர். எனக்கு அவர்மேல்தான் எண்ணம். பல வருடங்களுக்குப் பிறகு முதலாளியம்மாவை ஒருமுறை சந்தித்தபோது கேட்டேன். யாரோ சொன்னார்கள், ஆணின் குரல், என்றார். எந்த மொழியில் என்று அவருக்கு ஞாபகமில்லை. அண்ணையிடம் கிழவரைப் பற்றி நல்லதாக ஏதும் சொல்ல இதை வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை. உறுதி செய்யப்படாதது என்றே இதை இங்கே எழுதி வைக்கிறேன்.